கடல் நடுவே எண்ணெய் மேடைக்கு ஹெலிகாப்டரில் போவது எவ்வளவு ஆபத்து?

கேள்வி இதுதான்: "என் தம்பிக்குக் கடலில் உள்ள எண்ணெய் மேடையில் வேலை கிடைத்திருக்கிறது. நான்கு வாரம் கடலில், நான்கு வாரம் வீட்டில். போகவும் வரவும் ஹெலிகாப்டர்தான். அம்மா ஏதோ விபத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு, இந்த வேலையே வேண்டாம் என்கிறார். உண்மையில் எவ்வளவு ஆபத்து?"

ஆபத்து இருக்கிறது. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. கடலில் வேலை செய்பவர்கள் எரிவாயு, உயர் அழுத்தம், தீ என்று எத்தனையோ ஆபத்துக்கு நடுவில் தூங்கி எழுகிறார்கள். ஆனாலும் போகவர ஆகும் அந்த ஒரு மணி நேரம்தான் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நான் பதினாறு வருடம் அப்படிப் போய் வந்தவன். அதில் பாதிக்கு மேல் ஹெலிடெக் (மேடையில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம்) குழுவில் இருந்தேன். ஹெலிகாப்டர் இறங்கும்போது தீயணைப்பு உடையோடு ஓரத்தில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்களில் ஒருவன்.

"சாலையில் போவதைவிட இது பாதுகாப்பு" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லாதீர்கள். பயப்படுகிறவருக்கு அந்த ஒப்பீடு ஒட்டாது. ஆபத்து எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று பிரித்துச் சொன்னால் அவருக்கே அளவு தெரிந்துவிடும்.

முதலில், இல்லாத இடம். இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடும் என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். நடுக்கடலுக்குப் போகும் பெரிய ஹெலிகாப்டர்களில் இரண்டு இன்ஜின் இருக்கும். ஒன்று நின்றால் மற்றது கரை சேர்க்கும். இரண்டுமே நின்றாலும்கூட, கீழே இறங்கும்போது அடியிலிருந்து வரும் காற்று மேல் விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். விமானி அந்தச் சுழற்சியைச் சேமித்து வைத்து, தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் செலவழித்து, வேகத்தைக் கொன்று இறக்குவார். 1995 ஜனவரியில், பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள வட கடலில் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டரை மின்னல் தாக்கியது. வால் விசிறி போய்விட்டது. அது இல்லாமல் இன்ஜின் ஓடினால் ஹெலிகாப்டரின் உடம்பே சுழலத் தொடங்கும். அதனால் விமானிகள் இன்ஜினை நிறுத்தி, இந்த முறையில்தான், அலை ஓங்கி எழுந்த கடலில் அதை இறக்கினார்கள். மிதவைகள் விரிந்தன; உள்ளே இருந்த 18 பேரும் உயிர்காப்புப் படகில் ஏறித் தப்பினார்கள்.

ஆக, மேல் விசிறி சுழலும்வரை வழி உண்டு. அந்த விசிறியைச் சுழற்றும் கியர்பாக்ஸுக்குத்தான் மாற்று கிடையாது.

அது எப்படிப்பட்ட பொருள் என்று கொஞ்சம் சொல்கிறேன். சூப்பர் பூமா போன்ற ஹெலிகாப்டரில் இன்ஜினின் தண்டு நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுழலும். விசிறியோ நிமிடத்துக்கு 265 சுற்றுதான். இந்த இரண்டுக்கும் நடுவே பல அடுக்குப் பற்சக்கரங்கள் உட்கார்ந்து வேகத்தைக் குறைத்துச் சக்தியை மேலே அனுப்புகின்றன. ஹெலிகாப்டரின் மொத்த எடையையும் தூக்கும் விசை அந்தப் பற்களின் வழியாகத்தான் போக வேண்டும். இன்ஜின் இரண்டு, விமானி இரண்டு பேர், மின்சாரம் இரண்டு மூன்று வழி. கியர்பாக்ஸ் மட்டும் ஒன்று.

1986 நவம்பர் 6. ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் உள்ள சம்பர்க் விமான நிலையம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிரெண்ட் எண்ணெய் வயலிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சினூக் ஹெலிகாப்டர் வந்துகொண்டிருந்தது. சினூக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய விசிறிகள். ஒன்றின் இறக்கை மற்றதன் இடைவெளிக்குள் புகுந்து சுழலும். முன்பக்க கியர்பாக்ஸில் ஒரு பற்சக்கரம் உடைந்ததும் அந்த ஒத்திசைவு போய், இறக்கைகள் ஒன்றோடொன்று மோதின. 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். அந்த வகை ஹெலிகாப்டரை வட கடலில் பயணிகளுக்கு அதன்பின் பயன்படுத்தவில்லை. கியர்பாக்ஸின் அதிர்வை விடாமல் பதிவு செய்து, எந்தப் பற்சக்கரம் தேய்கிறது என்று முன்கூட்டியே காட்டும் கண்காணிப்புக் கருவிகள் வேகமாக வந்ததற்கு இந்த விபத்து ஒரு பெரிய காரணம். இன்று கடலுக்குப் போகும் பெரிய ஹெலிகாப்டர்களில் அந்தக் கருவி சாதாரணமாக இருக்கும். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை தெரிய வந்தது 2009-இல்.

அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது கனக்கிறது. மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையிலிருந்து ஹைபர்னியா மேடையை நோக்கி ஒரு எஸ்-92 ஹெலிகாப்டர் கிளம்பியது. உள்ளே 18 பேர். 9,000 அடி உயரத்தில் கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தம் சரிந்துவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தது. விமானிகள் கரையை நோக்கித் திருப்பி, 800 அடி உயரத்துக்கு இறங்கி வந்தார்கள். எண்ணெய் இல்லாமலும் 30 நிமிடம் இந்த கியர்பாக்ஸ் ஓடும் என்ற நம்பிக்கை அந்தத் துறையில் பரவியிருந்தது. ஏறக்குறைய 11 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 17 பேர் இறந்தார்கள். தப்பியவர் ஒருவர்.

காரணம் என்ன என்று பார்த்தால், எண்ணெய் வடிகட்டியின் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் மரையாணிகள். விரல் அளவுகூட இல்லாத பொருள். வடிகட்டியை மாற்ற ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அவற்றின் மரை உராய்ந்து தேய்ந்து, கடைசியில் முறிந்தன. எண்ணெய் முழுவதும் வெளியே போய்விட்டது. என்னை உறுத்துவது இதற்கு முந்தைய கதை. 2008 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் இதே வகை ஹெலிகாப்டரில் இதே மரையாணி முறிந்தது. அந்த விமானி உடனே தரையிறக்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2009 ஜனவரியில் தயாரிப்பாளர் ஒரு அறிவிப்பு அனுப்பினார்: மரையாணிகளை எஃகு மரையாணிகளாக மாற்றுங்கள், அதற்கு ஒரு வருடமோ 1,250 பறப்பு மணி நேரமோ அவகாசம். ஆறு வாரத்தில் அந்த ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. 30 நிமிட நம்பிக்கையும் ஆட்டம் கண்ட ஒன்றுதான். 2002-இல் சான்றிதழுக்காக எண்ணெயை வெளியேற்றிச் சோதித்தபோதே அந்த கியர்பாக்ஸ் 11 நிமிட வாக்கில் செயலிழந்திருந்தது. எண்ணெய் முழுவதும் போய்விடும் நிலைமை மிக மிக அரிது என்று வாதிட்டு, விதியில் இருந்த ஒரு வழியில் சான்றிதழ் பெற்றார்கள். அந்த வரலாறு பறக்கிற விமானிக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1 அன்று வட கடலில் மில்லர் மேடையிலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குத் திரும்பிய ஒரு சூப்பர் பூமாவின் கியர்பாக்ஸ் உடைந்து, மேல் விசிறி தனியாகக் கழன்று போனது. 16 பேரும் இறந்தார்கள். விபத்துக்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, அதே கியர்பாக்ஸின் எண்ணெயில் ஒரு மிகச் சிறிய உலோகத் துணுக்கு கிடைத்திருந்தது. எண்ணெய்ப் பாதையில் ஒரு காந்தத்தை வைத்திருப்பார்கள். உள்ளே ஏதாவது உரிந்தால் அதில் ஒட்டும். ஒட்டியிருந்தது. பராமரிப்புக் குழுவினர் பார்த்தார்கள், தயாரிப்பாளரிடம் பேசினார்கள், எண்ணெயைச் சோதித்தார்கள். ஆனால் அந்தத் துணுக்கு எதிலிருந்து உரிந்தது என்று அவர்கள் வந்த முடிவு தவறிவிட்டது. இரண்டாம் அடுக்கில் இருந்த ஒரு கோள் பற்சக்கரத்தில் (நடுச் சக்கரத்தைக் கோள் போலச் சுற்றிவரும் சக்கரம்) விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கலாம்.

அப்புறம் 2016 ஏப்ரல் 29, நார்வேயின் துரோய். குல்ஃபாக்ஸ் பி மேடையிலிருந்து பெர்கனுக்கு வந்துகொண்டிருந்த இசி225 ஹெலிகாப்டர், அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை. கரைக்கு மிக அருகில் மேல் விசிறி கழன்றது. 13 பேரும் இறந்தார்கள். அதே இரண்டாம் அடுக்கு, அதே கோள் பற்சக்கரம். இந்த முறை காந்தத்தில் துணுக்கும் இல்லை, அதிர்வுக் கருவியில் அறிகுறியும் இல்லை. மேற்பரப்பில் இருந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தில் தொடங்கிய விரிசல், மேலே எதுவும் உரியாமல், உலோகத்துக்கு உள்ளேயே வளர்ந்திருந்தது. இரண்டு வருட விசாரணைக்குப் பிறகு 2018 ஜூலையில் வந்த அறிக்கையில் நார்வே விசாரணை வாரியம் 2009 விபத்துடன் இதற்கு உள்ள ஒற்றுமையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விபத்துக்குப் பின் அந்த வகை ஹெலிகாப்டருக்கு விதித்த தடையை 2017-இல் நீக்கிய பிறகும், வட கடல் தொழிலாளர்கள் அதில் ஏற விரும்பவில்லை. பயணிகள் சேவைக்கு அது அங்கே திரும்பவே இல்லை.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இயந்திரம் கைவிட்ட இந்த விபத்துகளில் பெரும்பாலானவை திடீரென்று வானத்திலிருந்து குதித்தவை அல்ல. வேறொரு நாட்டில் முறிந்த ஒரு மரையாணியாக, காந்தத்தில் ஒட்டிய ஒரு துணுக்காக, அவை முன்பே வந்து கதவைத் தட்டியிருக்கின்றன. அதனால்தான் ஒரு நிறுவனம் நல்லதா என்று என்னிடம் யாராவது கேட்டால், அவர்களிடம் எத்தனை புதிய ஹெலிகாப்டர் இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. ஒரு சின்னச் சந்தேகத்துக்காகப் பயணத்தை ரத்து செய்கிறார்களா என்று பார்ப்பேன்.

எல்லாவற்றுக்கும் இயந்திரத்தைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர்களே தண்ணீருக்குள் போயிருக்கின்றன, பெரும்பாலும் இரவில் அல்லது மூடுபனியில். 2004 மார்ச்சில் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு துளையிடும் கப்பலுக்குப் போன ஹெலிகாப்டர் இருட்டில் கடலில் மோதி 10 பேர் இறந்தார்கள். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அதில் இல்லை. 2006 டிசம்பர் 27 அன்று இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில், மேடையை நெருங்கிய ஒரு ஹெலிகாப்டர் இருட்டில் தடுமாறி விழுந்து 7 பேர் போனார்கள்.

மேடையிலிருந்து பார்த்தவனாக இதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நிலா இல்லாத இரவில் கடலுக்கும் வானத்துக்கும் கோடே கிடையாது. நான்கு பக்கமும் மை பூசிய இருட்டு. நடுவில் எங்கள் மேடை மட்டும் கொத்தாக எரியும் விளக்குகளோடு. விமானிக்குத் தெரிவது அந்த ஒரே ஒரு வெளிச்சக் கொத்து. அதை மட்டும் பார்த்தால் தூரமும் தெரியாது, உயரமும் தெரியாது, தான் சாய்ந்திருக்கிறோமா நேராக இருக்கிறோமா என்பதும் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். கருவியை நம்பு, உடம்பை நம்பாதே என்று விமானிகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் கடைசி ஒரு நிமிடத்தில் கருவியிலிருந்து கண்ணை எடுத்து மேடையைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த மாற்றத்தில்தான் சறுக்கல் வருகிறது. கனடா விபத்துக்குப் பிறகு நியூஃபவுண்ட்லாந்தில் இரவுப் பயணத்தையே நிறுத்தினார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. மருத்துவ அவசரம் தவிர, ஆள் மாற்றத்துக்காக இரவில் பறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

பறவைகூட ஒரு காரணமாகியிருக்கிறது. 2009 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் லூசியானாவில், கடல் மேடைக்குப் போகக் கிளம்பிய ஹெலிகாப்டரின் முன்கண்ணாடியில் ஒரு பருந்து மோதியது. மோதிய அதிர்ச்சியில் இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிகள் இடம் பெயர்ந்து இரண்டு இன்ஜினும் சக்தி இழந்தன. 9 பேரில் 8 பேர் இறந்தார்கள். அடுக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டு இலேசான அக்ரிலிக் பலகையைப் போட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது.

சரி, இதில் உங்கள் தம்பி செய்யக்கூடியது என்ன? கியர்பாக்ஸிலும் விமானியின் கண்ணிலும் அவர் கையில் எதுவும் இல்லை. மேல் விசிறி கழன்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பல விபத்துகளில் ஹெலிகாப்டர் தண்ணீரைத் தொடும்போது உள்ளே இருப்பவர்கள் உயிரோடு, பெரிய அடி இல்லாமல் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூழ்கித்தான் இறக்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் அவர் கையில் இருக்கிறது.

ஹெலிகாப்டரின் இன்ஜின், கியர்பாக்ஸ், விசிறி எல்லாம் உச்சியில் இருப்பதால் மேல்பாரம் அதிகம். மிதவை விரியாவிட்டால், அல்லது அலை பெரிதாக இருந்தால், சில நொடிகளில் குப்புறக் கவிழ்ந்துவிடும். இருட்டு, மூக்குக்குள் ஏறும் உப்புத் தண்ணீர், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கும் உடம்பு. தண்ணீர் குளிராக இருந்தால் இன்னொரு கஷ்டமும் சேரும். குளிர்ந்த நீர் பட்ட நொடியில் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். தலை அப்போது நீருக்குள் இருந்தால் அதுவே முடிவு. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவர் குளிர்நீரில் பத்து இருபது நொடிதான் தாங்குவார்.

இதற்காகத்தான் நீருக்கடியில் தப்பிக்கும் பயிற்சி. எல்லோரும் அதை ஹூயட் என்பார்கள். ஹெலிகாப்டர் கூண்டு மாதிரி ஒன்றில் உட்கார வைத்து, நீச்சல் குளத்துக்குள் இறக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். என் முதல் புரட்டல் இன்னும் உடம்பில் இருக்கிறது. பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தேன். வலது கை ஜன்னலின் விளிம்பில், இடது கை பெல்ட் பூட்டில். தண்ணீர் நெஞ்சுக்கு வரும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். கூண்டு புரண்டது. புரளும்போதே பதற்றத்தில் பூட்டைத் திறந்துவிட்டேன், ஜன்னல் விளிம்பிலிருந்தும் கை நழுவிவிட்டது. அவ்வளவுதான். பெல்ட் இல்லாத உடம்பு மிதந்து எங்கோ போய் முட்டியது. மேல் எது கீழ் எது தெரியவில்லை. என் வலதுபக்கம் இருக்க வேண்டிய ஜன்னலைத் தேடி எதிரே இருந்த இருக்கையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த முக்குளிப்பாளர் என் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலில் கொண்டு போய் வைத்தார். வெளியே வந்ததும் பயிற்றுநர் சொன்னது ஒன்றுதான்: "பெல்ட் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள். ஜன்னல் எங்கே என்று சொல்லிக்கொண்டிருப்பதே அதுதான்."

இரண்டாம் முறை அவர் சொன்னபடி செய்தேன். புரண்டு முடிந்து அசைவு நிற்கும்வரை கட்டிய பெல்ட்டோடு காத்திருந்தேன். ஒரு கை விளிம்பிலேயே. முழங்கையால் ஜன்னலை இடித்துத் தள்ளினேன். அது போனதும் பூட்டைத் திறந்து, விளிம்பைப் பிடித்த கை இழுத்த பக்கமே போனேன். தலை வெளியே வந்தபோது பத்து நொடிக்கு மேல் ஆகியிருக்காது. அதே குளம், அதே கூண்டு, அதே உடம்பு. வரிசை மட்டும் மாறியிருந்தது.

அந்தப் பயிற்சிச் சான்று பொதுவாக நான்கு வருடத்துக்குச் செல்லும். நான்கு வருடம் என்பது அதிகம் என்பது என் கருத்து. கை மறந்துவிடும். நீச்சல் தெரியாதவர் பயப்பட வேண்டாம், தண்ணீரில் பதறாமல் இருந்தால் போதும். ஆனாலும் வேலையில் சேருமுன் தம்பி நீச்சல் குளத்தில் தலையை நனைத்துப் பழகிக்கொள்வது நல்லது.

மூச்சுக் கருவி பற்றியும் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்ட் 23 அன்று அதே சம்பர்க் அருகே ஒரு சூப்பர் பூமா தரையிறங்க வரும்போது, வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் கவனிக்கவில்லை. அது கடலில் விழுந்து கவிழ்ந்தது. மிதவைகள் விரிந்ததால் மூழ்காமல் தலைகீழாக மிதந்தது. 18 பேரில் 4 பேர் இறந்தார்கள். அவர்கள் அணிந்திருந்த மூச்சுக் கருவியில் தனியாகக் கொஞ்சம் காற்று அடைத்திருந்தது. ஆனால் புறப்படுமுன் காட்டும் பாதுகாப்புக் காணொளி அதைச் சொல்லவில்லை. நாம் ஊதி விட்ட மூச்சைத்தான் திரும்ப இழுக்க முடியும், முன்பே மூச்சு எடுத்திருக்காவிட்டால் பயனில்லை என்று நினைத்துச் சிலர் அதைப் பயன்படுத்தவில்லை. நெஞ்சில் கட்டியிருந்த காற்று, தெரியாத காரணத்தால் வீணாயிற்று.

அந்த விபத்துக்குப் பிறகு 2014 பிப்ரவரியில் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட அறிக்கை பயணிகளின் நிலைமையை நிறையவே மாற்றியது. கடலின் கொந்தளிப்பு ஆறாம் நிலையைத் தாண்டினால் பறக்கக் கூடாது. தண்ணீருக்குள்ளேயே வாயில் வைத்து மூச்சு விடக்கூடிய அழுத்தக் காற்றுக் கருவி இல்லாவிட்டால், தள்ளித் திறக்கும் ஜன்னலை ஒட்டிய இருக்கையில் மட்டுமே பயணி உட்கார வேண்டும். தோள் அகலத்தையும் அளக்கத் தொடங்கினார்கள். 22 அங்குலமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்குப் பெரிய ஜன்னல் அருகே மட்டும் இடம். ஜன்னலில் உடம்பு நுழையுமா என்ற கேள்வியை முறையாகக் கேட்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. இந்த விதிகள் வட கடலுக்கானவை. எல்லாக் கடலிலும் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எந்தக் கடலில் வேலை என்பதைப் பொறுத்து ஹெலிகாப்டரும் உடையும் கருவியும் விதியும் மாறும். தம்பி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

நீரிலிருந்து வெளியே வந்தபின் எவ்வளவு சீக்கிரம் கை கொடுக்க ஆள் வருகிறது என்பது அடுத்தது. 2022 ஜூன் 28 அன்று மும்பை ஹை எண்ணெய் வயலில் சாகர் கிரண் ரிக் (துளையிடும் மேடை) அருகே ஒரு ஹெலிகாப்டர் கடலில் விழுந்தபோது உள்ளே 9 பேர் இருந்தார்கள். 5 பேர் காப்பாற்றப்பட்டார்கள். ரிக்கின் படகும் பக்கத்தில் நின்ற துணைக்கப்பலும் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். 4 பேர் இறந்தார்கள். குளிர்க் கடலுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சை நிதானப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணி நேரம். நீர் புகாத முழு உடை அந்தக் கணக்கை நீட்டிக் கொடுக்கும். கழுத்து ஜிப்பை மேலே வரை இழுக்காவிட்டால் கொடுக்காது. கேபினுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று பாதி திறந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைப் பார்த்தால் நான் இப்போதும் போய் இழுத்து விடுவேன்.

மேடையில் இறங்குவதும் ஏறுவதும் பற்றிச் சுருக்கமாக. ஹெலிடெக் என்பது கடலுக்கு மேலே தொங்கும் ஒரு சிறிய தட்டு. பக்கத்தில் கிரேன், எரியும் வாயுக் கோபுரம், சூடான புகை விடும் டர்பைன் குழாய்கள். இவை எல்லாம் காற்றைக் கலைத்துவிடும். மிதக்கும் கப்பலாக இருந்தால் தட்டே ஏறி இறங்கும். ஹெலிகாப்டர் நின்றாலும் விசிறி சுழன்றுகொண்டிருக்கும். கையால் அழைக்கும்வரை நகராதே, வால் பக்கம் போகாதே, தொப்பி, தாள் எதையும் கையில் வைத்திருக்காதே. இதை மீறியவர்களைச் சத்தம் போட்டு நிறுத்தியிருக்கிறேன். அப்போது அவர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

படகில் போகலாமே என்று அம்மா கேட்கலாம். சில இடங்களில் போகிறார்கள். கரைக்குப் பக்கத்து மேடைகளுக்கு, அலையோடு ஏறி இறங்கும் அசைவைச் சமன் செய்யும் நடைபாலம் பொருத்திய கப்பல்கள் இருக்கின்றன, அவை நல்லவை. ஆனால் ஹைபர்னியா மாதிரி கரையிலிருந்து 315 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பல மணி நேரம் குமட்டலோடு போய், கடைசியில் கிரேன் கூடையில் தொங்கி ஏற வேண்டியிருக்கும். அதிலும் கை கால் உடைந்தவர்கள், உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

என் முடிவைக் கேட்டால், தம்பி போகலாம். ஒழுங்கான கண்காணிப்பும் பயிற்சியும் உள்ள நிறுவனம் என்றால் நான் என் மகனையும் அனுப்புவேன். ஆனால் சேருமுன் கேட்கட்டும்: மூச்சுக் கருவி எந்த வகை, அதை அணிந்து தண்ணீருக்குள் பயிற்சி தருவீர்களா, எந்த அலை உயரத்துக்கு மேல் பறக்க மாட்டீர்கள், இரவில் ஆள் மாற்றம் உண்டா. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தைப் பற்றி யோசிக்கலாம். வானிலை சரியில்லை என்று பயணம் ரத்தாகி, வீட்டுக்கு வருவது இரண்டு நாள் தள்ளிப்போகும் நாட்கள் நிச்சயம் வரும். அப்போது நீங்களும் அம்மாவும் தொலைபேசியில் அலுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து வரும் அந்த அலுப்பு, கடலில் இருப்பவனை விமானியிடம் போய் "எப்போ சார் கிளம்பும்?" என்று நச்சரிக்க வைக்கும். அந்த நச்சரிப்பு விமானியின் முடிவில் போய் உட்காரும்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு முறை ஹெலிகாப்டரில் உட்கார்ந்ததும், பெல்ட்டைப் போட்டபின், காதடைப்பானை வைத்துக்கொள்ளுமுன், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி ஜன்னலின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கை ஒவ்வொரு முறையும் மாறும். விளிம்பு கைக்குப் படும் இடமும் மாறும். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். நான் பதினாறு வருடமும் தொட்டுப் பார்த்தேன்.